சொல்லிவிட்டுப் போனவரும் கேட்க வந்தவர்களும்

ஜோஷுவா ரெய்னால்ட்ஸ் 1786-ல் வரைந்த உருவப்படம் ஒன்று லண்டனில் இருக்கிறது. அதில் உட்கார்ந்திருப்பவர் ஜான் ஹன்டர், அந்தக் காலத்தில் பெரும்பேர் பெற்ற அறுவை மருத்துவர். கையில் எழுதுகோல், எதிரே மேசை, கண்கள் எங்கோ யோசனையில். படத்தை அவசரமாகப் பார்ப்பவர்கள் இவ்வளவோடு நகர்ந்துவிடுவார்கள். வலது மேல் மூலைக்குக் கண்ணைக் கொண்டுபோனால்தான் அது தெரியும்: நீண்ட கால் எலும்புகள் இரண்டு மேலிருந்து தொங்குகின்றன. பாதமும் கணுக்காலும் கொஞ்சம் முன்காலும் மட்டும். மீதி உடம்பு சட்டத்துக்கு வெளியே போய்விட்டது.

அந்தக் கால்களுக்கு உரியவர் பெயர் சார்லஸ் பைர்ன். அயர்லாந்தின் வடபகுதிக் கிராமம் ஒன்றில் 1761-ல் பிறந்தவர். வளர்ச்சி நிற்கவே இல்லை. ஏழே முக்கால் அடிக்குச் சற்றுக் குறைவாக, 2.31 மீட்டர் உயரம். அந்த உயரத்தைக் காட்டித்தான் பிழைத்தார். ஸ்காட்லாந்து வழியாக இங்கிலாந்துக்குள் இறங்கியபோது எடின்பரோவில் தெருவிளக்கின் சுடரிலேயே புகைக்குழாயைப் பற்ற வைத்தார் என்று ஒரு கதை உண்டு. 1782-ல் லண்டனுக்கு வந்தார். காசு கொடுத்துப் பார்க்கக் கூட்டம் வந்தது. ‘ஐரிஷ் ராட்சதன்’ என்று விளம்பரம். ஓராண்டு ஓடியது. சம்பாதித்துச் சேர்த்த 700 பவுண்டும் 1783-ல் திருடு போனது. குடி, நோய் இரண்டும் சேர்ந்துகொள்ள, அதே ஆண்டு ஜூன் மாதம் இறந்துபோனார். வயது 22.

அவர் படுக்கையில் கிடந்தபோதே லண்டன் மருத்துவர்கள் அவர் உடலுக்காகக் காத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும். தன்னை அறுத்துவிடக் கூடாது, ஈயப் பெட்டியில் வைத்துக் கடலில் இறக்கிவிட வேண்டும் என்று நண்பர்களிடம் கேட்டுக்கொண்டார். மண்ணில் புதைத்தால் தோண்டி எடுத்துவிடுவார்கள் என்ற பயம். நண்பர்களும் பெட்டியை மார்கேட் கடற்கரைக்குக் கொண்டுபோனார்கள், கடலில் இறக்கினார்கள். பெட்டிக்குள் பைர்ன் இல்லை. வழியிலேயே உடலை எடுத்துவிட்டுக் கனத்துக்கு வேறு எதையோ வைத்து மூடியிருந்தார்கள். ஹன்டர் இதற்கு 500 பவுண்டு கொடுத்தார் என்று சொல்லப்படுகிறது. உடலைத் துண்டாக்கிச் செப்புக் கொப்பரையில் வேகவைத்து எலும்பைப் பிரித்தார். சில ஆண்டுகள் மறைத்து வைத்திருந்துவிட்டு, அப்புறம் தன் சேகரிப்பில் நிறுத்தினார். ரெய்னால்ட்ஸின் படத்தில் தொங்குவது அதுதான்.

ஹன்டர் இறந்த பிறகு 1799-ல் அரசாங்கமே அவருடைய சேகரிப்பை விலைக்கு வாங்கி, பின்னாளில் ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ் ஆன அமைப்பிடம் ஒப்படைத்தது. 1941-ல் விழுந்த ஜெர்மன் குண்டில் அந்த மியூசியத்தின் பெரும்பகுதி அழிந்தது. பைர்னின் எலும்புக்கூடு தப்பித்தது. 2017-ல் புதுப்பிப்பதற்காக மியூசியத்தை மூடும்வரை, 200 ஆண்டுகளுக்கு மேலாக அவர் கண்ணாடிக்குப் பின்னால் நின்றார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பக்கத்தில் நின்று தங்கள் உயரத்தை ஒப்பிட்டுப் பார்த்திருப்பார்கள். 2023 ஜனவரியில் கல்லூரி ஒரு முடிவை அறிவித்தது: இனி அவரைப் பார்வைக்கு வைப்பதில்லை. ஆனால் உண்மையான மருத்துவ ஆராய்ச்சிக்காக எலும்புகள் தங்களிடமே இருக்கும். கடலுக்கு அனுப்புவதாக இல்லை.

இந்த முடிவு பாதி நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது. மறுபாதி ஏன் கிடைக்கவில்லை என்று விளங்கிக்கொள்ள, அதே லண்டனில் சில தெருக்கள் தள்ளி இருக்கும் இன்னோர் உடலைப் பார்க்க வேண்டும்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் தத்துவவாதி ஜெரமி பெந்தம் உட்கார்ந்திருக்கிறார். 1832 ஜூன் 6-ல் 84 வயதில் இறந்தவர். தன் உடலை என்ன செய்ய வேண்டும் என்று உயிலில் விவரமாக எழுதி வைத்திருந்தார். முதலில் மாணவர்கள் முன்னால் அறுத்துப் பாடம் நடத்த வேண்டும். அப்புறம் எலும்புக்கூட்டைத் தன் உடைகளை உடுத்தி, தன் நாற்காலியில், யோசித்தபடி உட்கார்ந்திருக்கும் கோலத்தில் வைக்க வேண்டும். சவுத்வுட் ஸ்மித் என்ற மருத்துவ நண்பர் மூன்றே நாளில் அறுவைப் பாடத்தை நடத்தினார். எலும்புகளைச் சுற்றி வைக்கோலைத் திணித்து, பெந்தமின் சட்டையையும் கோட்டையும் போட்டுவிட்டார். தலையைப் பதப்படுத்தும் வேலை மட்டும் பிசகிப் போனது. முகம் கறுத்துச் சுருங்கிவிட்டதால் மெழுகில் வேறு தலை செய்து பொருத்தினார்கள். இன்றும் மெழுகுத் தலையோடுதான் இருக்கிறார். உண்மையான தலை வழக்கமாகப் பார்வைக்கு வருவதில்லை.

பெந்தம் பணக்காரர், படித்தவர். சாட்சி வைத்து உயில் எழுதவும், அதை நிறைவேற்றச் சொல்லி மருத்துவரையே நியமிக்கவும் அவரால் முடிந்தது. பைர்னிடம் இருந்தது வாய்ச்சொல் மட்டும். ஒருவர் ‘என்னை வைத்துக் காட்டுங்கள்’ என்றார், செய்தார்கள். இன்னொருவர் ‘வேண்டாம்’ என்றார், அவரையும் வைத்துக் காட்டினார்கள். உலகத்து மியூசியங்களில் இருக்கும் மனித எச்சங்களைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த இருவரும்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

பைர்னுடைய பயத்துக்குக் காரணம் இருந்தது. அப்போது பிரிட்டனில் அறுவைப் பாடத்துக்குச் சட்டப்படி கிடைத்தவை பெரும்பாலும் தூக்கிலிடப்பட்ட கொலைகாரர்களின் உடல்கள். தூக்கு போதாதென்று மேல் தண்டனையாக அறுப்பதை 1752-ன் சட்டம் ஒன்று சேர்த்திருந்தது. ஆகவே அறுக்கப்படுவது என்றால் கொலைகாரனுக்கு நேரும் அவமானம் என்றுதான் சாதாரண ஜனங்களின் மனதில் பதிந்திருந்தது. மருத்துவக் கல்லூரிகள் பெருகப் பெருக, கிடைத்த உடல்கள் போதவில்லை. இரவில் கல்லறையைத் தோண்டி உடலைத் திருடி விற்பது ஒரு தொழிலானது. எடின்பரோவில் இருவர் தோண்டும் சிரமம்கூட வேண்டாமென்று 1828-ல் பதினாறு பேரைக் கொன்றே விற்றார்கள். இந்தக் களேபரத்தை நிறுத்த 1832-ல் சட்டம் வந்தது, பெந்தம் இறந்த அதே ஆண்டு. அது கண்ட தீர்வு இதுதான்: மருத்துவமனைகளிலும் ஏழை விடுதிகளிலும் இறந்து, யாரும் வந்து வாங்கிக்கொள்ளாத உடல்கள் இனி மருத்துவர்களுக்கு. கொலைக்குற்றத்துக்கு விதித்த தண்டனை வறுமைக்கு இடம் மாறிவிட்டது.

இந்தக் கணக்கில் இந்தியாவுக்கும் ஒரு வரி உண்டு. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மேற்கு நாடுகளின் மருத்துவ மாணவர்கள் கையில் வைத்துப் படித்த உண்மையான எலும்புகளில் ஏராளமானவை கல்கத்தாவிலிருந்து கப்பலேறியவை. 1985-ல் இந்திய அரசு ஏற்றுமதியைத் தடை செய்யும்வரை அது வெளிப்படையான வியாபாரம். சுத்தமாகத் தேய்த்து, கம்பி கோத்து, பெட்டியில் அடுக்கி அனுப்பினார்கள். அவர்கள் யார்? தகனத்துக்கு விறகு வாங்க முடியாத வீட்டுக்காரர்கள், கேட்பாரற்றுக் கிடந்தவர்கள். ‘கொள்ளி போடக்கூட ஆளில்லை’ என்று நாம் சொல்வோமே, அந்த ஆட்கள். எங்கோ ஒரு கல்லூரியின் அலமாரியில் இன்னும் அவர்கள் தொங்குகிறார்கள். பெயர்ச்சீட்டு கிடையாது.

மருத்துவம் படிக்க உடல் வேண்டும், அதில் சந்தேகமில்லை. உடல் தானம் செய்பவர்கள் நம்மிடையே பெருகி வருவது அந்தத் தேவையை மதித்துத்தான். ஆனால் உடல் தானப் படிவத்தில் கையெழுத்துப் போடுபவர் பாடத்துக்குத்தான் சம்மதிக்கிறார். கண்ணாடிப் பேழையில் நின்று நாளெல்லாம் அந்நியர்கள் பார்ப்பதற்கு அவர் சம்மதித்ததாக அர்த்தம் இல்லை. பாடமும் காட்சியும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டதில்தான் மியூசியங்களின் பழைய தவறு தொடங்குகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதோடு இன அறிவியல் என்று பெயர் வைத்துக்கொண்ட ஒன்றும் சேர்ந்தது. மண்டை ஓட்டை அளந்தால் எந்த மக்கள் உயர்ந்தவர்கள், எவர்கள் தாழ்ந்தவர்கள் என்று சொல்லிவிடலாம் என நம்பினார்கள். அளக்க மண்டை ஓடு வேண்டும். காலனி அதிகாரிகள், படைவீரர்கள், மருத்துவர்கள், பாதிரிமார்கள் என்று எல்லோரும் அனுப்பினார்கள்.

தென்னாப்பிரிக்காவின் கோய்கோய் இனப்பெண் சாரா பார்ட்மன் 1810-ல் லண்டனுக்குக் கொண்டுவரப்பட்டு, அவருடைய உடலமைப்பைக் காட்டிக் காசு பார்த்தார்கள். 1815 டிசம்பரில் பாரிஸில் இறந்தார். பிரெஞ்சு விலங்கியலாளர் ஜார்ஜ் குவியே அவர் உடலை அறுத்தார். எலும்புக்கூடும், ஜாடிகளில் மூளையும் பிறப்புறுப்பும், உடலின் அச்சில் எடுத்த பொம்மையும் பாரிஸ் மியூசியத்தில் 1970-கள்வரை பார்வைக்கு இருந்தன. 1994-ல் நெல்சன் மண்டேலா திருப்பிக் கேட்டார். பிரான்ஸில் அரசு மியூசியத்தின் சொத்து எதையும் சட்டமில்லாமல் வெளியே விட முடியாது. ஆகவே அவருக்கென்றே நாடாளுமன்றம் 2002-ல் ஒரு சட்டம் போட்டது. கேட்டு எட்டு ஆண்டுகள் கழித்து, அந்த ஆகஸ்ட் 9-ல் தென்னாப்பிரிக்காவின் மகளிர் நாளன்று, ஹான்கி என்ற ஊரில் மண்ணுக்குள் போனார். இறந்து 186 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியத் தீவில் வாழ்ந்த பூர்வகுடிப் பெண் ட்ருகானினியின் கதை என்னை இன்னும் ஆழமாகக் குத்துகிறது, ஏனென்றால் அவரும் பைர்னைப் போலவே வாய்விட்டுச் சொன்னவர். 1869-ல் அவருடைய மக்களில் ஒருவரான வில்லியம் லான் இறந்தபோது, ஹோபார்ட் நகர மருத்துவர்கள் அந்த உடலுக்காகப் போட்டி போட்டார்கள். மண்டை ஓடு திருடப்பட்டது, கைகால்கள் வெட்டப்பட்டன. ட்ருகானினிக்கு இது தெரியும். தனக்கு அப்படி நேரக் கூடாது, தன் சாம்பலைத் தன் தீவை ஒட்டிய ஜலசந்தியில் தூவ வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். 1876-ல் இறந்தார். முதலில் புதைத்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்குள் டாஸ்மேனிய ராயல் சொசைட்டி தோண்டி எடுத்தது. 1904 முதல் 1947 வரை அவருடைய எலும்புக்கூடு ஹோபார்ட் மியூசியத்தில் நின்றது. ‘கடைசி டாஸ்மேனியர்’ என்று பெயரும் வைத்தார்கள். அது பொய். அவருடைய மக்கள் அப்போதும் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள். கடைசி ஆள் என்று அறிவித்துவிட்டால் வந்து கேட்க யாரும் இல்லை என்றாகிவிடும், அதுதான் அந்தப் பட்டத்தின் பயன்.

அந்த மக்கள் விடாமல் கேட்டதால் 1976-ல், நூறாண்டு நிறைவதற்குச் சற்று முன்பு, அவரைத் தகனம் செய்து சாம்பலை அந்த ஜலசந்தியிலேயே தூவினார்கள். கதை அங்கேயும் முடியவில்லை. அவருடைய தோலும் முடியும் கொஞ்சம் லண்டனில் இருப்பது தெரிய வந்து, 2002-ல் திரும்பி வந்தன. வைத்திருந்தது ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ். ஆம், பைர்னை வைத்திருக்கும் அதே கல்லூரி.

ட்ருகானினியைத் திருப்பிக் கொடுத்த கைக்கு பைர்னைக் கொடுக்க ஏன் மனம் வரவில்லை? கேட்டவர்களில்தான் வேறுபாடு. ட்ருகானினிக்காக ஒரு சமூகம் வந்து நின்றது. பைர்னுக்காக மருத்துவர்களும் சட்ட அறிஞர்களும் எழுதினார்கள், கோரிக்கைகள் வந்தன. ஆனால் நேர் வாரிசு என்று யாரும் இல்லை, ஓர் இனமோ நாடோ அவரைத் தங்களவர் என்று சட்டப்படி உரிமை கோரவில்லை.

இன்று நடப்பில் இருக்கும் சட்டங்களைப் பார்த்தாலும் இதுவேதான் தெரிகிறது. பிரிட்டனில் 1999-ல் ஒரு பெரிய அதிர்ச்சி. லிவர்பூலின் ஆல்டர் ஹே குழந்தைகள் மருத்துவமனையில் இறந்த பிள்ளைகளின் உறுப்புகளைப் பெற்றோருக்குத் தெரியாமல் எடுத்து வைத்திருந்தது வெளியே வந்தது. அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் 2004-ன் மனிதத் திசுச் சட்டம். ஒருவரின் உடலைப் பார்வைக்கு வைக்க அவர் உயிரோடிருக்கும்போது தந்த சம்மதம் வேண்டும் என்றது. நல்ல விதி. ஆனால் சட்டம் நடப்புக்கு வந்தபோதே இறந்து நூறு ஆண்டு தாண்டியவர்களுக்கு அது பொருந்தாது. பைர்ன் அதற்கு வெளியே. அதே சட்டம் ஒன்பது தேசிய மியூசியங்களுக்கு, ஆயிரம் ஆண்டுக்கு உட்பட்ட எச்சங்களை விரும்பினால் விடுவிக்கும் அதிகாரம் தந்தது. விரும்பினால்தான்.

அமெரிக்காவில் 1990-ல் வந்த சட்டம் பூர்வகுடிகளின் எலும்புகளை நேர் வாரிசுகளிடமோ அரசு அங்கீகரித்த பழங்குடிகளிடமோ திருப்பித்தரச் சொல்கிறது. 2024 ஜனவரியில் அதன் விதிகள் இறுகி, அவர்களிடம் சம்மதம் வாங்காமல் காட்சிக்கே வைக்கக் கூடாது என்றானது. அதற்குச் சில மாதம் முன்பே நியூயார்க்கின் இயற்கை வரலாற்று மியூசியம் தன்னிடம் பார்வைக்கு இருந்த மனித எலும்புகளை எல்லாம் எடுத்துவிடுவதாகச் சொன்னது. அதன் கிடங்கில் சுமார் 12,000 பேரின் எச்சங்கள் இருக்கின்றன. பிரான்ஸ் 2023 டிசம்பரில் பொதுச் சட்டம் போட்டது, இனி ஒவ்வொருவருக்கும் தனிச்சட்டம் வேண்டாம். அதிலும் நிபந்தனை: வேறொரு நாட்டின் அரசு கேட்க வேண்டும்.

இந்தச் சட்டங்களைத் தொடர்ந்து படிக்கும்போது ஒரு பாங்கு தெரிகிறது. ‘யார் கேட்கிறார்கள்?’ என்று சட்டம் விசாரிக்கிறது. ‘அவர் என்ன சொன்னார்?’ என்று விசாரிப்பது அபூர்வம். பின்னால் ஆள்கட்டு உள்ளவருக்கு வழி திறக்கிறது. தனியாகப் பேசிவிட்டுப் போனவருடைய பேச்சு காற்றோடு போகிறது. திருப்பித்தரும் இயக்கம் மிகப் பெரிய நல்ல காரியம், அதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. அதற்குள் பைர்னுக்கும் ஓர் இடம் வேண்டும் என்பதுதான் என் வாதம்.

கேட்க வந்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2019 நவம்பரில் எடின்பரோ பல்கலைக்கழகம் ஒன்பது மண்டை ஓடுகளை இலங்கையின் வேடர்களிடம் ஒப்படைத்தது. வாங்கிக்கொள்ளத் தலைவர் ஊருவரிகே வன்னில அத்தோ கடல்கடந்து போனார். காட்டில் பிறந்து, கோடாரியைத் தோளில் வைத்துக்கொள்ளும் ஒரு மனிதர் ஸ்காட்லாந்தின் குளிரில் நின்று தன் முன்னோரை வாங்கினார். இதே மக்களின் எலும்புகளை 1880-களில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்துச் சராசின் குடும்பத்து உறவினர்கள் இருவர் தேடித்தேடிச் சேகரித்து, மனித இனங்களின் ஏணியில் எந்தப் படியில் வைக்கலாம் என்று பெரிய நூலே எழுதினார்கள். வேடர் என்றதும் நமக்குத் தூரத்துச் சங்கதி போலத் தோன்றலாம். மட்டக்களப்பு, திருகோணமலைப் பக்கத்துக் கரையோர வேடர்கள் தமிழ் பேசுகிறவர்கள்.

நாகாலாந்து மக்களுக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டின் பிட் ரிவர்ஸ் மியூசியத்தில் நாகர்களின் மனித எச்சங்கள் மட்டும் 200-க்கும் மேல். 2020-ல் அந்த மியூசியம் சுருக்கிய தலைகள் உள்ளிட்ட 120 எச்சங்களைப் பார்வையிலிருந்து அகற்றியது. அந்தச் செய்தி வந்த பிறகு நாகா நல்லிணக்க மன்றம் முன்னின்று பேச்சைத் தொடங்கியது. கிராமம் கிராமமாகப் போய் மக்களிடம் கேட்கிறார்கள்: திரும்பி வந்தால் எங்கே வைப்பது, எந்தச் சடங்கு செய்வது, எந்த ஊர்க்காரர் என்றே தெரியாதவரை என்ன செய்வது? இடையில் 2024 அக்டோபரில் இங்கிலாந்தில் ஓர் ஏலக்கடை, கொம்பு கட்டிய நாகர் மண்டை ஓடு ஒன்றைச் சுமார் நாலு லட்ச ரூபாய் மதிப்புப் போட்டு ஏலத்தில் வைத்தது. முதல்வர் நேபியூ ரியோ உள்படப் பலரும் எதிர்த்ததால் பின்வாங்கியது. இவ்வளவு விழிப்பு வந்த பிறகும் ஒரு மனிதத் தலைக்கு விலைச்சீட்டு ஒட்ட முடிகிறது.

சரி, மியூசியம் பக்கத்து நியாயத்தையும் கேட்போம். அவர்கள் சொல்வதில் வலுவானது அறிவியல். பைர்னையே எடுத்துக்கொள்ளலாம். 1909-ல் அமெரிக்க மருத்துவர் ஹார்வி குஷிங் அவர் மண்டை ஓட்டைத் திறந்து பார்த்து, மூளைக்கு அடியில் பிட்யூட்டரி சுரப்பி இருக்கும் குழி பெருத்திருப்பதைக் கண்டார். அவருடைய உயரத்துக்குக் காரணம் அந்தச் சுரப்பியில் வளர்ந்த கட்டி என்று புரிந்தது. 2011-ல் அவருடைய பல்லிலிருந்து டிஎன்ஏ எடுத்து, ஏஐபி என்ற மரபணுவில் ஒரு பிறழ்வைக் கண்டுபிடித்தார்கள். இன்று வட அயர்லாந்தில் அதே நோய் உள்ள குடும்பங்களிலும் அதே பிறழ்வு. சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரே மூதாதையிலிருந்து வந்திருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். அந்தப் பக்கத்து மக்களை முன்கூட்டியே சோதித்துக் காப்பாற்ற இது உதவுகிறது. 22 வயதில் செத்துப்போன பையனுடைய பல் இன்னொரு பையனைக் காப்பாற்றுகிறது என்றால் அதை அற்பம் என்று தள்ள எனக்கு மனம் வராது.

ஆனால் பல் ஒன்று போதுமானதாக இருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். 200 ஆண்டுகள் அவரை நிறுத்தி வைத்துக் காட்டியது இந்தக் கண்டுபிடிப்புக்கு எந்த வகையிலும் உதவவில்லை. மரபணு தெரிந்துவிட்டது, அதே பிறழ்வோடு உயிருள்ளவர்கள் இருக்கிறார்கள், சம்மதம் கேட்டால் சொல்லக்கூடியவர்கள். இனிமேல் எதற்காக வைத்திருக்கிறோம் என்று அந்தக் கல்லூரி குறிப்பாகச் சொல்ல வேண்டும். ‘எதிர்கால ஆராய்ச்சி’ என்ற பொதுச்சொல்லை வைத்து எதையும் எவ்வளவு காலத்துக்கும் பூட்டி வைக்கலாம்.

இன்னொரு வாதம், நேரில் பார்ப்பதில் கிடைக்கும் நெருக்கம். இதையும் நான் மறுக்க மாட்டேன். எப்படிக் காட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது அது. ஆல்ப்ஸ் பனியில் 1991-ல் கிடைத்த, சுமார் 5,300 ஆண்டு பழைய ஓட்ஸி என்ற மனிதர் இத்தாலியின் போல்சானோவில் மைனஸ் 6 டிகிரி குளிர் அறையில் கிடக்கிறார். அவரைப் பார்க்க 40 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு சிறு ஜன்னல். கூடத்தின் நடுவில் வைத்து எல்லோர் கண்ணிலும் படும்படி செய்யவில்லை. பார்க்க வேண்டும் என்று நினைப்பவர் அருகே போய்க் குனிந்து பார்க்க வேண்டும். எகிப்திலோ இது அரசியலாகவே இருந்தது. 1980-ல் அதிபர் சதாத் அரச மம்மிகளின் அறையை மூடச் சொன்னார். 1990-களில் மறுபடி திறந்தது. 2021 ஏப்ரல் 3 அன்று 22 மம்மிகளை அரச மரியாதையோடு கெய்ரோ வீதிகளில் ஊர்வலமாகப் புது மியூசியத்துக்குக் கொண்டுபோனார்கள். தங்கள் அரசர்களை எப்படி வைப்பது என்று அந்த மண்ணின் மக்களே தீர்மானிப்பது ஒன்று, பாரிஸிலோ லண்டனிலோ வேறு யாரோ தீர்மானிப்பது வேறொன்று.

அப்படியென்றால் நம் மண்ணில் நாமே தீர்மானிப்பது எப்படி இருக்கிறது?

தாமிரபரணிக் கரையில் பழங்கால ஈமக்காடான ஆதிச்சநல்லூர். 1876-ல் ஜெர்மனியின் ஜாகோர் தோண்டி, கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899-லிருந்து தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். கிடைத்த மண்டை ஓடுகள் எந்த இனம் என்று வகை பிரித்து உடற்கூறியலாளர் ஸக்கர்மன் எழுதிய ஆய்வை 1930-ல் சென்னை அரசு மியூசியம் வெளியிட்டது. 2004-05-ல் இந்தியத் தொல்லியல் துறை 150-க்கும் மேற்பட்ட தாழிகளைக் கண்டது. 2023 ஆகஸ்டில் அங்கேயே திறந்த காட்சிக்கூடத்தில், அகழ்ந்த குழியின் மேல் கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள். கீழே தாழிகள் புதைத்த இடத்திலேயே இருக்கின்றன. அந்தக் கண்ணாடியில் முதலில் காலை வைக்கும்போது எனக்குக் கூசியது. சுடுகாட்டில் யாருடைய மேட்டையும் மிதித்துவிடாமல் சுற்றிப் போகச் சொல்லி வளர்ந்த கால் இது.

இத்தனைக்கும் அது மோசமான ஏற்பாடு இல்லை. பெயர்த்தெடுத்து நகரத்துக்குக் கொண்டுபோகாமல், வைத்தவர்கள் வைத்த இடத்திலேயே விட்டிருப்பது மரியாதைதான். குறை வேறு இடத்தில். தாழியைப் பற்றிய விளக்கங்களில் நாம் எப்போதும் தொன்மையைத்தான் எழுதுகிறோம். எத்தனை ஆண்டு, எந்த உலோகம், யாருக்கு முன்னால் நாம். உள்ளே இருப்பவர் ஒருவருடைய அம்மா, ஒருவருடைய கணவன் என்பது எங்கேயும் வருவதில்லை. புறநானூற்றின் 256-ம் பாட்டில் ஒரு பெண் குயவனிடம் கேட்கிறாள், தாழியை எனக்கும் இடம் இருக்கும்படி அகலமாகச் செய் என்று. தாழி என்பது நமக்குக் காட்சிப் பொருளாவதற்கு முன்னால் இப்படி ஒருத்தி கேட்டு வாங்க நினைத்த இடம். அந்த வரியைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் எழுதி வைத்தால், அதன் மேல் நிற்பவர் வேறு மாதிரி நிற்பார்.

கீழடிக்குப் பக்கத்துக் கொந்தகையும் ஈமக்காடுதான். அங்கே தாழிகளில் கிடைத்த மண்டை ஓடுகள் இரண்டை வைத்து, லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் 2025-ல் இரு ஆண்களின் முகங்களை உருவாக்கிக் காட்டியது. அவற்றைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. எலும்பாக இருந்தவர் ஆளாகிவிட்டார். எலும்பைக் காட்டாமலே ஒருவரை அருகில் கொண்டுவர முடியும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை. அடுத்த நாளே ஆரம்பித்தது, இது யார் ஜாடை, எந்த இனத்தின் மூக்கு, எந்தக் கட்சியின் வரலாற்றுக்கு ஆதாரம் என்று. 1930-ல் மண்டை ஓட்டை அளந்தவர்கள் கேட்ட கேள்வியையே நாமும் கேட்டுக்கொண்டிருந்தோம், இந்த முறை நம் பெருமைக்காக.

தாழிக்குள் இருப்பவர்கள் எதுவும் சொல்லிவிட்டுப் போகவில்லை. கேட்க வரவும் தனியாக ஒரு வாரிசு இல்லை. ஆகவே அவர்களுக்காகக் கேட்க வேண்டியது அந்த ஊர்க்காரர்கள். அகழாய்வு முடிந்து எலும்புகள் எந்தக் கூடத்தில் எந்தப் பெட்டியில் இருக்கின்றன, எதற்காக, எத்தனை காலத்துக்கு, ஆய்வு முடிந்தபின் திரும்பவும் அதே மண்ணுக்கு வருமா என்று கொந்தகைக்காரரும் ஆதிச்சநல்லூர்க்காரரும் கேட்கவும், துறை பதில் சொல்லவும் ஒரு முறை வேண்டும். நாகாலாந்தின் கிராமங்களில் உட்கார்ந்து பேசுகிறார்களே, அதுபோல.

பைர்ன் விஷயத்தில் அந்தச் சிரமம்கூட இல்லை. என்ன வேண்டும் என்று அவரே சொல்லியிருக்கிறார். எலும்புகள் லண்டனில் அந்தக் கல்லூரியின் பொறுப்பில், யார் கண்ணிலும் படாமல் இருக்கின்றன. மார்கேட் கடற்கரை அங்கிருந்து சுமார் 120 கிலோமீட்டர். ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.